மூன்று சூடு

பெரியமேட்டுக் கிடங்கில்
எல்லாப் பருவத்திலும் தோல்கள் நீலம்தான்,
குரோமியம் குடித்த நீலம்.
சாண்டோஸில் ஏற்றி
நாற்பத்து மூன்று நாள் கடலில் வெந்து
கன்டெய்னர் கதவு திறக்கும்போது
முதலில் வருவது நாற்றம் இல்லை,
வெக்கை.

என்னுடையது விரல் வேலை.
மேசையில் விரித்த பாதி மாட்டைக்
கழுத்திலிருந்து வால்வரை தடவி
ஒன்று, இரண்டு, மூன்று, கழிவு என்று
மெழுகுக் குச்சியால் எண் போடுவேன்.
உண்ணி கடித்த இடம் கடுகு இறைத்தாற்போல் இருக்கும்.
புழு துளைத்தது பட்டன் ஓட்டை.
முள்கம்பி கிழித்தது நீளமாக,
ஆறி, வெளுத்து.
வேலிக்குப் பழகிய மாட்டுக்கு இத்தனை கீறல் வராது,
அதற்குக் கம்பி எங்கே என்று தெரியும்.
இவை நிற்கப் போன இடத்தில்
போன வருஷம்வரை வேலியே இல்லை.
நான் வாசிப்பது அப்படி.
தப்பாகவும் இருக்கலாம்.

இந்த லோடில்
ஒவ்வொரு தொடையிலும் மூன்று சூடு.
ஒரு கொக்கி,
ஒரு பாதி நிலா,
கடைசியில் எனக்குத் தெரியாத மொழியில் ஓர் எழுத்து.
ஒன்று முழுக்க ஆறியது. ஒன்று ஆறிக்கொண்டிருந்தது.
மூன்றாவதை ஆறவிடவில்லை.

கை மெதுவானால்
மேஸ்திரி ஜக்கரியா சொல்வார்,
நல்ல மாட்டுக்கு ஒரு சூடு.
பழமொழியின் மறுபாதி எங்களுக்கு,
அதை அவர் சொல்வதில்லை, முறைப்பார்.

இத்தாலிக்காரன் இப்போது காகிதம் கேட்கிறான்.
மாடு எங்கே நின்றது, எந்த அட்சரேகை,
எரித்த காட்டில் மேய்ந்ததா.
காகிதம் வந்துவிட்டது.
காகிதத்தில் ஒரே ஒரு பண்ணை.

மாடியில் டாக்குமென்ட் பார்க்கும் ஜெரூஷா
எண்களைத் தட்டி
வானத்திலிருந்து எடுத்த படத்தைத் திறந்தாள்.
இஸ்திரி போட்ட பச்சை.
புல்லா என்றேன்.
"சோயா, பாய். ஆறு வருஷமா சோயா."
வருஷத்தைப் பின்னால் இழுத்தாள்:
புல்.
இன்னும் இழுத்தாள்:
மரம், மரம், நடுவில் ஆறு ஒரு தலைமுடி.
திரும்ப முன்னால் விட்டாள்.
சோயா வந்து உட்கார்ந்ததும்
மாடு எழுந்து உள்ளே போயிருக்கிறது,
மாட்டுக்கு முன்னால் தீ.
படத்தை வடமேற்கே நகர்த்தினாள்.
காட்டுக்குள் சாலைகள்,
தட்டில் மிச்சம் வைத்த வஞ்சிர முள்ளைப் போல.
ஓரத்தில் வெள்ளையாக ஒன்று.
மேகம் என்றேன்.
"மேகம் தரையிலருந்து கெளம்பாது, பாய்."

ஒரு மணி ஆயிற்று. டப்பாவைத் திறந்தாள்.
மீல்மேக்கர் குருமா.
இருவரும் அதைப் பார்த்தோம்.
"பசிக்குதே" என்றாள். சாப்பிட்டாள்.
எனக்கும் இரண்டு உருண்டை வைத்தாள்,
நன்றாகத்தான் இருந்தது.
துறைமுகத்தில் எண்ணெய்க் கப்பல் வந்தால்
பாக்கெட்டுக்கு மூன்று ரூபாய் குறையும் என்று
பில்கிஸ் காத்திருப்பது ஞாபகம் வந்தது.
எந்தக் கப்பல், எந்த வயல் என்று
நாங்கள் இதுவரை கேட்டதில்லை.

முதலாளி சத்தம் போடவில்லை.
"சூட்டை வெட்டிடுங்க.
தோலும் காகிதமும் ஒத்துப் போகணும்."
வெட்டினேன்.
ஒரு சாண் நீளம், நாலு விரல் அகலம்.
மூன்று நாள், ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பாதி.
கொக்கிகளும் நிலாக்களும் எழுத்துகளும்
பசை காய்ச்சும் கம்பெனிக்குச் சாக்கில் போயின.
ஏற்றிவிட்டவனுக்கு டீ காசு கொடுத்தேன்.

கடைசிப் பாதியில் கத்தி வைக்கவில்லை.
துணிச்சல் என்று எழுதினால் பொய்.
மணி ஆறரை, கூவம் பக்கமிருந்து காற்று,
மணிக்கட்டு வலி,
ஆறாத அந்த மூன்றாவது சூடு
விரலுக்கடியில் இன்னும் மேடாக.
கட்டின் நடுவில் அதைச் செருகி,
குறைகள் என்ற கட்டத்தில் எழுதினேன்:
சூடு, மூன்று.

நல்ல மனுஷனுக்கு ஒரு சொல்தானாம்.
இரண்டாகிவிட்டது.